வாசகர் கேள்வி பதில்: அந்த ஆல்பத்தில் பேஸ் எங்கே போனது?

போன இதழில் அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் நான்காவது ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், ஹெவி மெட்டல் கேட்கிறவர்கள் நம்மிடையே இத்தனை பேர் இருக்கிறார்களா என்று சந்தோஷமாக இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஆல்பத்துக்கே.

புது ஹெட்ஃபோன் வாங்கினேன். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கேட்டேன், அருமை. அடுத்து 'ஜஸ்டிஸ்' போட்டால் பாதி சத்தம் வராத மாதிரி இருக்கிறது. ஹெட்ஃபோன் கோளாறா, ஃபைல் கோளாறா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இரண்டும் இல்லை, தம்பி. ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. அந்த ஆல்பம் 1988-இல் வெளிவந்ததிலிருந்தே கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. அதில் கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. வாசிக்காமல் விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். குழுவின் பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் ஒன்பது பாட்டுக்கும் வாசித்தார், அதெல்லாம் பதிவாகி டேப்பிலும் இருக்கிறது. தனித்தனியாகப் பதிந்த வாத்தியங்களை ஒன்றாகக் கலக்கிற மிக்ஸிங்கில்தான் அமுக்கிவிட்டார்கள்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸில். சாதாரணமாக ஒரு ராக் பாட்டில் கீழ்த்தளம் முழுக்க பேஸுக்கும் டிரம்ஸில் காலால் அடிக்கிற பெரிய டிரம்மான கிக்குக்கும்தான் சொந்தம். 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டார் சத்தத்தில் நடுப்பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டு, அடியையும் மேலேயும் ஏற்றி, அதையே இடமும் வலமுமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பேஸ் நிற்க வேண்டிய இடத்திலேயே கிட்டார் வந்து உட்கார்ந்துவிடும். லார்ஸ் உல்ரிச்சின் கிக் டிரம்மோ 'தம்' என்று இல்லாமல் 'டக் டக்' என்று கட்டையில் தட்டுகிற மாதிரி கேட்கிறது. போதாததற்கு நியூஸ்டெட் பல இடங்களில் கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப் என்ற வரியை அச்சு அசலாகப் பின்தொடர்ந்து வாசித்திருக்கிறார், அப்படி வாசித்தால் காது இரண்டையும் பிரித்துப் பார்க்காது, ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் மேலே, பேஸின் அளவையும் வேண்டுமென்றே இறக்கினார்கள். மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கேட்டு, தொப்பி கேட்கவே கேட்காமல் இருந்தால் ஒரு கச்சேரி எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்த ஆல்பம்.

முதல் பாட்டு 'பிளாக்கென்ட்' போட்டுப் பாருங்கள். தலைகீழாக ஓட்டிய கிட்டார் அடுக்குகள் நெளிந்து நெளிந்து வரும், சத்தம் மெல்ல ஏறும், திடீரென்று ரிஃப் வெட்டி விழும். அந்த இடத்தில் வயிற்றில் ஒரு இடி இறங்க வேண்டும். இறங்காது. எல்லாமே நெஞ்சுக்கு மேலேதான் நடக்கிறது. இந்தப் பாட்டை எழுதியவர்களில் நியூஸ்டெட்டும் ஒருவர் என்பதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. குழுவில் சேர்ந்த பிறகு முதன்முதலாகத் தன் பெயர் ஏறிய பாட்டு, அதில் தன் வாத்தியம் கேட்கவில்லை என்றால் ஒரு கலைஞனுக்கு எப்படி இருந்திருக்கும்?

புதிதாக வந்தவர் என்பதால் நியூஸ்டெட்டைப் பழிவாங்கத்தான் பேஸைக் குறைத்தார்கள் என்று என் அண்ணன் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், கோயம்புத்தூர்

பழிவாங்கல் என்ற வார்த்தை சரியாக வராது. ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

1986 செப்டம்பர் 27, அதிகாலை. சுவீடனில் யுங்பி ஊருக்குப் பக்கத்தில் மெட்டாலிகாவின் பஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் ஜன்னல் வழியாக வெளியே வீசப்பட்டு, அங்கேயே இறந்துபோனார். வயது 24. சாலையில் பனி உறைந்திருந்தது என்றார் டிரைவர், ஹெட்ஃபீல்ட் உடுத்தியிருந்த உடையோடு அந்த ரோட்டில் மேலும் கீழும் நடந்து அந்தப் பனி எங்கே என்று தேடினார். பர்ட்டன் வெறும் பேஸ் வாசிப்பவர் மட்டும் இல்லை. இசை இலக்கணம் தெரிந்தவர், மேற்கத்திய சாஸ்திரிய இசை மேதை பாஹ் கேட்டு வளர்ந்தவர், மற்ற மூவருக்கும் ஒரு விதத்தில் ஆசான் மாதிரி. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் 'ஓரியன்' என்று பாடல் வரிகள் இல்லாத ஒன்று இருக்கிறது, அதன் நடுப்பகுதியைக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

அப்படிப்பட்ட ஒருவர் போனபின் துக்கம் காத்தார்களா என்றால், இல்லை. ஆறே வாரத்தில், நவம்பர் 8-ஆம் தேதி, புது பேஸ் கலைஞரோடு மேடை ஏறிவிட்டார்கள். அரிசோனாவில் 'ஃப்ளோட்சம் அண்ட் ஜெட்சம்' என்ற குழுவில் இருந்த நியூஸ்டெட்தான் அவர், மெட்டாலிகாவின் பரம ரசிகர். ஆசைப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தவருக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? ஓட்டல் பில்லை எல்லாம் அவர் அறைக் கணக்கில் எழுதிவிடுவது, வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கேலி செய்வது, ஒதுக்கி வைப்பது. அழ வேண்டிய நேரத்தில் அழாதவர்கள் அந்தக் கோபத்தை எல்லாம் அவர்மேல் கொட்டினார்கள். அவர்களே பின்னாளில் பேட்டிகளில் ஒத்துக்கொண்ட விஷயம்தான் இது.

ஸ்டுடியோவிலும் அப்படியே. ஆல்பம் 1988 ஜனவரி கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை லாஸ் ஏஞ்சலஸில் 'ஒன் ஆன் ஒன்' ஸ்டுடியோவில் பதிவானது. அந்த மாதங்களில் நியூஸ்டெட் தன் பேஸ் பகுதிகளை மற்ற மூவரும் இல்லாமல், தயாரிப்பாளரும் இல்லாமல், ஒரு உதவிப் பொறியாளரோடு உட்கார்ந்து மளமளவென்று வாசித்து முடித்தார். 'இந்த இடத்தில் ரிஃப்பை விட்டு விலகிப் போ, இங்கே கொஞ்சம் இடைவெளி விடு' என்று சொல்ல அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பேஸ் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இதே நால்வர் 1987-இல் 'கராஜ் டேஸ்' என்று பிறர் பாடல்களை வைத்து ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகாமல் பதிவு செய்தது. அதில் நியூஸ்டெட்டின் பேஸ் கணீரென்று கேட்கிறது! ஆகவே வாசிக்கத் தெரியவில்லை, பதியத் தெரியவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருநாள் கூடி உட்கார்ந்து திட்டம் போட்டுக் குறைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பர்ட்டன் இருந்த இடத்தில் இன்னொருவர் வாசிப்பதைக் கேட்க அவர்களுக்கு மனம் இல்லை, அதுதான் என் கணிப்பு.

அப்படியானால் குற்றவாளி யார்? தயாரிப்பாளர் தடுத்திருக்கக் கூடாதா?
— வாசகி, சென்னை

தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்முசென், டென்மார்க்காரர். 'ரைட் த லைட்னிங்', 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' இரண்டும் கோபன்ஹேகனில் அவர் ஸ்டுடியோவில் உருவானவை. இந்த ஆல்பத்துக்கு முதலில் அவர் இல்லை, 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த மைக் கிளிங்க்தான் ஆரம்பித்தார். ஒத்துவரவில்லை. சில வாரத்திலேயே ராஸ்முசெனுக்கு அவசர அழைப்பு போனது. கிளிங்க் பதிந்த டிரம்ஸ் மட்டும் இரண்டு பாட்டில் அப்படியே தங்கிவிட்டது.

ஆனால் ராஸ்முசென் மிக்ஸ் செய்யவில்லை. அந்த வேலை ஸ்டீவ் தாம்ப்சன், மைக்கேல் பார்பியேரோ என்ற இருவரிடம், நியூயார்க் மாநிலத்தில் பேர்ஸ்வில் ஸ்டுடியோவில் நடந்தது. அந்த நேரம் பார்த்து மெட்டாலிகா 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பிவிட்டது. வேன் ஹேலன், ஸ்கார்ப்பியன்ஸ் எல்லாரோடும் பெரிய பெரிய மைதானங்களில் வாசித்துவிட்டு, காது இரைந்துகொண்டிருக்கும்போதே ஹெட்ஃபீல்டும் உல்ரிச்சும் பறந்து வந்து மிக்ஸிங்கில் உட்கார்வார்கள். அந்தக் காதுக்கு மேல்ஸ்தாயி கேட்காது, ஆகவே மேல்ஸ்தாயியைக் கூட்டு என்பார்கள். ஹெட்ஃபீல்டே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

தாம்ப்சன் பல வருடம் கழித்துப் பேட்டியில் சொன்னது: பேஸைக் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு இறக்கச் சொன்னார் உல்ரிச், இறக்கினேன், அதற்கும் கீழே இறக்கச் சொன்னார். ராஸ்முசெனும் தான் பதிந்த பேஸ் நன்றாகவே இருந்தது என்றுதான் சொல்லிவருகிறார். இரண்டு பேர் சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்துகிறது, அதனால் நான் இதை நம்புகிறேன். சம்பளத்துக்கு வேலை செய்யும் மிக்ஸிங் ஆட்களைத் திட்டுவதில் நியாயம் இல்லை. முடிவெடுத்தவர்கள் ஹெட்ஃபீல்டும் உல்ரிச்சும். நியூஸ்டெட் அந்த அறையில் இல்லவே இல்லை.

ப்ளஸ் டூ படிக்கும் என் மகன் 'ஒன்' என்ற பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். வீடியோவைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் முகம் மூடிய ஒருவன் கட்டிலில் கிடக்கிறான். பயமாக இருக்கிறது. இது என்ன பாட்டு?
— ஒரு தாய், மதுரை

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனால் அது சாத்தான் பாட்டும் இல்லை, போதைப் பாட்டும் இல்லை. போருக்கு எதிரான பாட்டு.

டால்டன் டிரம்போ என்ற அமெரிக்க எழுத்தாளர் 1939-இல் 'ஜானி காட் ஹிஸ் கன்' என்று ஒரு நாவல் எழுதினார். முதல் உலகப் போரில் குண்டு வெடித்து ஜோ என்ற சிப்பாய்க்குக் கை, கால், கண், காது, வாய் எல்லாம் போய்விடுகின்றன. மூளை மட்டும் விழித்திருக்கிறது. தான் எங்கே இருக்கிறோம், பகலா இரவா என்பதுகூடத் தெரியாமல் கிடக்கிற அவன், கடைசியில் தலையைத் தலையணையில் மோதி மோதி, பழைய தந்தி அலுவலகங்களில் தட்டுவார்களே, அந்த மோர்ஸ் முறையில் பேசப் பார்க்கிறான். நர்ஸ்கள் அதை வலிப்பு என்று நினைக்கிறார்கள். 1971-இல் டிரம்போவே இதைப் படமாகவும் எடுத்தார். வீடியோவில் நீங்கள் பார்த்த காட்சிகள் அந்தப் படத்திலிருந்து வந்தவை. அவற்றைப் பயன்படுத்துவதற்காக மெட்டாலிகா அந்தப் படத்தின் உரிமையையே வாங்கியது. அதுவரை வீடியோவே எடுக்காத குழு அது, 1989-இல் வெளியிட்ட இதுதான் முதல் வீடியோ.

பாட்டு மெதுவாக, ஒரு தாலாட்டின் வேகத்தில் தொடங்கும். பாதிக்குமேல் போனதும் உல்ரிச்சின் இரண்டு கால்களும் கிக் டிரம்மில் இயந்திரத் துப்பாக்கி மாதிரி வெடிக்கும், கிட்டாரும் அதே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். பேஸ் இல்லாத அந்த வறண்ட சத்தம் இந்த ஒரு இடத்தில் மட்டும் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பேன், ஏனென்றால் அது உடம்பே இல்லாத ஒருவனின் தலைக்குள் கேட்கும் சத்தம்.

இதைத் தனியாகக் கேட்கவிடாமல், ஒருநாள் மகனோடு உட்கார்ந்து வீடியோவைப் பாருங்கள். அந்தச் சிப்பாயின் கதையை அவனையே சொல்லச் சொல்லுங்கள், என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். பேசுவதற்கு அதில் நிறைய இருக்கிறது. டிரம்போ கம்யூனிஸ்ட் என்று சொல்லி ஹாலிவுட்டில் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர், 1950-இல் சிறைக்கும் போனவர். அந்தக் கறுப்புப் பட்டியல் கொடுமையைப் பற்றி 'தி ஷார்ட்டஸ்ட் ஸ்ட்ரா' என்று ஒரு பாட்டும் இதே ஆல்பத்தில் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் வராததை ஒரு பையன் ஹெவி மெட்டல் வழியாகத் தெரிந்துகொண்டால் நல்லதுதானே? ராத்திரி தூக்கம் கெடுகிறது என்றால் அதைத் தனியாகக் கண்டியுங்கள்.

கிராமி விருதை இந்த ஆல்பம் புல்லாங்குழல்காரரிடம் தோற்றது என்று படித்தேன். நம்ப முடியவில்லையே!
— வாசகர், புதுச்சேரி

நம்புங்கள். 1989 பிப்ரவரியில் கிராமி முதன்முதலாக ஹார்ட் ராக், மெட்டல் இரண்டையும் சேர்த்து ஒரு விருது வைத்தது. மெட்டாலிகா அந்த மேடையிலேயே 'ஒன்' வாசித்தது. உறையைப் பிரித்தால் 'ஜெத்ரோ டல்' என்ற பெயர். இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசித்துப் பாடும், 60-களின் கடைசியில் தொடங்கிய பிரிட்டிஷ் குழு. எப்படியும் கிடைக்காது என்று நினைத்து அவர்கள் விழாவுக்கே வரவில்லை. அரங்கத்தில் கூச்சல் எழுந்தது. ஜெத்ரோ டல் அருமையான குழு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் மெட்டல் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் கூடிப் பழகிய பெயருக்கு ஓட்டுப் போட்ட விஷயம் இது. அடுத்த வருடமே விருதை இரண்டாகப் பிரித்தார்கள், மெட்டல் விருதை 'ஒன்' வாங்கியது.

இதற்குள் ரசிகர்கள் தீர்ப்பு சொல்லி முடித்திருந்தார்கள். வானொலி பெரிதாக உதவாமலே அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஆறாம் இடம். அங்கே மட்டும் 80 லட்சம் பிரதிகளுக்கான சான்று பின்னாளில் கிடைத்தது.

பாட்டெல்லாம் ஏன் இவ்வளவு நீளம்? எனக்குப் பொறுமை போய்விடுகிறது.
— வாசகர், சேலம்

உங்களுக்கு மட்டும் இல்லை. ஒன்பது பாட்டு, 65 நிமிடம், எல்பியாக வந்தபோது இரண்டு தட்டு. தலைப்புப் பாட்டு மட்டுமே பத்து நிமிடத்தைத் தொடுகிறது, தாளம் மாறிக்கொண்டே இருக்கும். மேடையில் அதை வாசிக்கும்போது முன்வரிசையில் கொட்டாவி விடுவதைக் கண்ணால் பார்த்தோம் என்று கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட் சொல்லியிருக்கிறார். 1989-க்குப் பிறகு அந்தப் பாட்டை மேடையில் தொடவில்லை, 2007-இல்தான் மறுபடி எடுத்தார்கள். அந்த அலுப்பில்தான் அடுத்த ஆல்பத்தில் பாப் ராக் என்ற தயாரிப்பாளரை வைத்து, பாட்டைச் சுருக்கி, பேஸை ஏற்றி, 1991-இல் அந்தக் கறுப்பு அட்டை ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் நியூஸ்டெட் நன்றாகக் கேட்கிறார்.

எனக்கு நீளம் குறையாகப் படவில்லை. 'டு லிவ் இஸ் டு டை' பாட்டைப் பத்து நிமிடமும் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். பர்ட்டன் விட்டுப்போன துண்டுகளை வைத்துக் கட்டியது, அவர் பெயரும் அதில் இருக்கிறது. பாட்டு என்று இல்லை, நடுவில் ஹெட்ஃபீல்ட் நாலைந்து வரி பேசுகிறார், அவ்வளவுதான். அந்தக் குழு அவருக்காக அழுதது இந்த ஒரு இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். அதைச் சுருக்கச் சொல்ல மனம் வராது.

2018-இல் புதுப்பித்து வெளியிட்டபோதாவது பேஸை ஏற்றியிருக்கலாமே? ஏன் செய்யவில்லை?
— வாசகர், ஈரோடு

செய்திருக்க முடியும், தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. 2009-இல் 'கிட்டார் ஹீரோ: மெட்டாலிகா' என்ற வீடியோ கேம் வந்தது. அதற்காகச் சில பாட்டுகளின் வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ரசிகர்கள் அதிலிருந்து நியூஸ்டெட்டின் பேஸை எடுத்துக் கேட்டபோதுதான், கரகரவென்று, விரல் நகராத இடமே இல்லாமல், எவ்வளவு வாசித்திருக்கிறார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அப்புறம் ரசிகர்களே பேஸைச் சேர்த்துப் புது மிக்ஸ் செய்து, ஆல்பத்தின் பெயரில் 'ஜஸ்டிஸ்' இருக்கும் இடத்தில் 'ஜேசன்' என்று போட்டுச் சுற்றுக்கு விட்டார்கள்.

ஆனால் குழு மறுத்தது. அது அந்தக் காலத்தின் பதிவு, அப்படியே இருக்கட்டும் என்பது ஹெட்ஃபீல்டின் நிலை. எனக்கு இதில் உடன்பாடுதான். பேஸை அமுக்கியது தவறு, அதை 'தனித்தன்மை' என்று பூசி மெழுகுவதை நான் ஏற்கவே மாட்டேன். அதற்காகப் பழைய இசைத்தட்டைத் திருத்தினால், இந்தத் தவறு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். மூல மிக்ஸ் அப்படியே இருக்கட்டும், பக்கத்திலேயே பேஸ் ஏற்றிய இன்னொரு மிக்ஸையும் அவர்களே வெளியிடட்டும். 14 வருடம் கூட இருந்து 2001-இல் விலகிப்போன மனிதருக்கு அந்த மரியாதை பாக்கி இருக்கிறது.

இதுவரை மெட்டல் கேட்டதே இல்லை. இந்த ஆல்பத்தில் எதிலிருந்து தொடங்கலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

முதலில் 'ஒன்' கேளுங்கள், சார். நடுவில் சத்தம் கூடும்போது நிறுத்திவிடாதீர்கள், அதற்காகத்தான் அந்தப் பாட்டே. பிடித்திருந்தால் அடுத்து 'ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ', வேகம் குறைவு, கனம் அதிகம். 'டையர்ஸ் ஈவ்' பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆல்பத்திலேயே அதிவேகம் அதுதான். பெற்றோரைப் பார்த்து ஒரு மகன் கேட்கிற கேள்விகள் அதில் இருக்கின்றன. கேட்டுவிட்டு ஆசிரியர் என்ற முறையில் உங்களுக்கு என்ன தோன்றியது என்று கட்டாயம் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.